ஏறாத கண்ணாடி

2024ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 9ஆம் நாள், வெள்ளிக்கிழமை மாலை. மறுநாள் விடிந்தால் சீனப் புத்தாண்டு. தைப்பிங்கை அடுத்த கமுண்டிங்கில், தொடர்வீடுகள் நிறைந்த ஒரு தாமானில், ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர் தம் மகிழுந்தை வீட்டு வாயிலில் திருப்பினார். எதிர்வீட்டுச் சீன மூதாட்டியார் ஆரஞ்சுப் பழப் பையுடன் காத்திருந்தார். ஆசிரியர் தம் பக்கத்துக் கண்ணாடியை இறக்கி வாழ்த்துக் கூறினார். பழம் உள்ளே வந்தது. கண்ணாடி மேலே ஏறவில்லை.

பொத்தானின் ஏற்றும் பக்கத்தை ஒருமுறை அழுத்தினார். பின்னர் பத்துமுறை அழுத்தினார். பின்னர், பொறுமை இழந்த மாந்தர் யாவரும் செய்வது போல, முன்னிலும் பலமாக அழுத்தினார். பாதி இறங்கிய கண்ணாடி பாதியிலேயே நின்றது.

இதில் என்ன பெரும் இடர் என்று கேட்கத் தோன்றும். பதினாறு ஆண்டுப் பழமையான காரில் ஒரு கண்ணாடி ஏறாவிட்டால் உலகம் கவிழ்ந்துவிடாதுதான். ஆனால் இடர் பொருளில் மட்டும் இருப்பதில்லை. அது வந்து சேரும் நாளிலும் ஊரிலும் இருக்கிறது. ஊரோ தைப்பிங். தீபகற்ப மலேசியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 2,000 முதல் 2,500 மில்லிமீட்டர் மழை பெய்தால், இங்கே மட்டும் ஏறத்தாழ 4,000 மில்லிமீட்டர் பெய்கிறது. இன்று எத்தனை மணிக்கு மழை வரும் என்று பந்தயம் கட்டி விளையாடிய ஊர் இது என்று பழையவர்கள் சொல்வதுண்டு. நாளோ புத்தாண்டுக்கு முந்திய நாள். சீனர்கள் நடத்தும் கார்ப் பட்டறைகளும் உதிரிப்பாகக் கடைகளும் கதவடைத்துவிட்டால் ஐந்து நாளோ எட்டு நாளோ கழித்துத்தான் திறக்கும்.

அந்த வீட்டில் அதற்கும் மேலான ஒரு காரணம் இருந்தது. ஆசிரியரின் துணைவியாருக்குச் சிறுநீரகம் செயலிழந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. செவ்வாய், வியாழன், சனி என வாரம் மூன்று நாள், நாளொன்றுக்கு நான்கு மணி நேரம் அவர் இரத்தச் சுத்திகரிப்புக்குச் செல்ல வேண்டும். முதல் அணியில் அவருக்கு இடம். விடியற்காலை ஐந்தரைக்கெல்லாம் நிலையத்தில் இருந்தாக வேண்டும். மறுநாள் சனிக்கிழமை. நிலையம் அன்றும் திறந்திருந்தது.

திறந்த கண்ணாடியோடு ஓட்டிச் செல்லலாமே எனலாம். செல்லலாம். ஆனால் நான்கு மணி நேரம் இரத்தம் வெளியே ஓடித் திரும்பிய உடம்பு எளிதில் குளிர்ந்துவிடுகிறது. பத்து மணிக்கு வெளியே வரும்போது அந்த அம்மையார் வெயில் நாளிலும் போர்வையைக் கேட்பார். நனைந்த இருக்கையும் மழைச்சாரலும் அவருக்கு ஆகாதவை. கறுப்புக் குப்பைப் பையைக் கத்தரித்து ஒட்டலாம் என்றால், ஓட்டுநர் பக்கத்துக் கண்ணாடி அது. வலப்புறத்துப் பக்கக் கண்ணாடி மறைந்துபோகும். கைப்பேசிச் செயலியில் வாடகைக் கார் அழைக்கலாம். முன்பொருமுறை தம் கார் பட்டறையில் கிடந்த நாளில், விடியற்காலையில் வாசலில் அரை மணி நேரம் நின்றும் ஒரு காரும் கிட்டாமல், கடைசியில் அண்டைவீட்டு மலாய் இளைஞரை எழுப்பிய அனுபவம் அவர்களுக்கு இருந்தது. அந்த இளைஞரும் இந்த நீண்ட விடுமுறைக்குத் தம் கம்பத்துக்குப் போய்விட்டார். ஜொகூரிலிருந்து பேசிய மகள், “அப்பா, அந்தக் காரை விற்றுவிடுங்கள் என்று எத்தனை முறை சொல்வது?” என்றார். அறிவுரை நல்லதுதான். அன்றிரவுக்கு உதவாது.

இவ்விடத்தில் இந்த மின்விசைக் கண்ணாடியைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். வீட்டில் துணைவியார் காரைக் ‘காடி’ என்பார். ஆசிரியர் அதை மகிழுந்து என்று திருத்துவார். முப்பத்தெட்டு ஆண்டு இல்லறத்தில் இருவரும் மாறவில்லை. ஆனால் இந்தக் கண்ணாடியை மட்டும் இருவரும் ‘பவர் விண்டோ’ என்றே சொல்லிவந்தனர். அமெரிக்காவில் 1941ஆம் ஆண்டுக்குரிய பேக்கார்டு 180 வகைக் கார்களில் எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் கண்ணாடிகள் வந்தன. பத்தாண்டுகள் கழித்துத்தான் முழுவதும் மின்சாரத்தால் இயங்குபவை வந்தன. நெடுங்காலம் செல்வர் வீட்டுப் பொருளாக இருந்து, பின்னர் எளியவர் காருக்கும் வந்து சேர்ந்தது. கைப்பிடியைச் சுழற்றி ஏற்றிய காலத்தில் கண்ணாடி இறுகினால் அந்த இறுக்கத்தைக் கையே உணர்ந்தது. இப்பொழுது விரல் நுனிக்கு ஒன்றும் தெரிவதில்லை. பாடெல்லாம் கதவுக்குள் இருக்கும் மோட்டாருடையது.

ஆசிரியர் முதலில் செய்தது, கண்ணாடியை இரு உள்ளங்கைகளுக்கிடையே பிடித்து மேலே இழுத்துப் பார்த்தது. அசையவில்லை. அசையாது. மோட்டாரின் தண்டில் திருகுபோல் சுருண்ட பல் ஒன்று இருக்கிறது. அது பல்சக்கரத்தைத் திருப்பும். சக்கரம் அதைத் திருப்ப முடியாது. கள்வன் வெளியிலிருந்து கண்ணாடியை அமுக்கித் திறக்க இயலாமைக்கு அதுவே காரணம். அன்று அது வீட்டுக்காரரையும் கள்வராகவே கருதியது.

எட்டரை மணியளவில், வேறு வழியின்றி, வழக்கமாகக் காரைப் பார்க்கும் சீனப் பட்டறைக்காரரைத் தொலைபேசியில் அழைத்தார். அவர் ஈப்போவில் தம் தாய்வீட்டில், குடும்பமே கூடியுண்ணும் விருந்தில் இருந்தார். கிண்ணங்கள் மோதும் ஒலியும் குழந்தைகளின் கூச்சலும் இங்கே வரை கேட்டன. சினந்திருந்தாலும் குற்றமில்லை. அவர் சினக்கவில்லை, எழுந்து வெளியே வந்திருக்க வேண்டும், இரைச்சல் குறைந்தது. வினவியது ஒன்றே ஒன்று.

“அடா புன்யி, சிகு?”

சத்தம் இருக்கிறதா, ஆசிரியரே, என்று கேட்கிறார்.

தெரியவில்லை என்பதே நேர்மையான விடை. அதைச் சொல்ல ஆசிரியர் கூசினார். பட்டறைக்காரர் மலாயில் சுருக்கமாக விளக்கினார். மற்றக் கண்ணாடிகள் ஏறி இறங்குகின்றனவா? அப்படியானால் பியூஸ் எரியவில்லை. பழுதான கண்ணாடியைக் கீழே இறக்கிப் பாருங்கள். இறங்கினால் மோட்டார் சாகவில்லை, கம்பியும் அறவில்லை. பிறகு ஏற்றிப் பாருங்கள். ஏற்றும்போது மோட்டார் முனகினால் கண்ணாடி ஓடும் ரப்பர் இறுகியிருக்கிறது. மௌனமாக இருந்தால் சுவிட்சு. எதையும் கழற்றுமுன் பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றுங்கள். ரப்பருக்கு எண்ணெய் மட்டும் பூசிவிடாதீர்கள், ஊறிப் பருத்துவிடும். இவ்வளவு சொல்லிப் புத்தாண்டு வாழ்த்தும் பெற்றுக்கொண்டு அவர் விருந்துக்குத் திரும்பினார்.

இந்த முறையில் உள்ள தெளிவு ஆசிரியரைக் கவர்ந்தது. முப்பது ஆண்டுகள் வகுப்பில் ஒரு சொல்லைப் பகுதி, விகுதி, இடைநிலை என்று பிரித்துக் காட்டியவர் அவர். கண்ணாடியை ஏற்றுவதும் இறக்குவதும் ஒரே மோட்டார்தான். அதற்குச் செல்லும் கம்பிகளும் அதே இரண்டுதான். மின்னோட்டத்தின் திசை மாறினால் மோட்டார் மறுபுறம் சுற்றும், அவ்வளவே வேறுபாடு. ஆகவே இறங்குவது மெய்யானால், இரண்டுக்கும் பொதுவான உறுப்புகள் எல்லாம் நலம். பழுது, ஏற்றுவதற்கு மட்டுமே உரிய உறுப்பில் இருந்தாக வேண்டும்.

ஆனால் சோதிக்க வேண்டுமானால் இறக்க வேண்டும். பாதி திறந்திருக்கும் கண்ணாடியை, ஏறாது என்று தெரிந்தே, மேலும் இறக்க வேண்டும். கணக்கு எவ்வளவு தெளிவாக இருந்தாலும் கை வரவில்லை. “இருக்கிறதும் போயிடப் போகுதுங்க” என்றார் துணைவியார். அதுவும் சரியான பேச்சே.

பொத்தானை ஒரு நொடி தட்டினார். கண்ணாடி இரண்டு விரற்கடை கீழே போயிற்று. மோட்டார் உயிரோடு இருந்தது. இனி ஏற்றும் பக்கத்தை அழுத்திச் செவிகொடுக்க வேண்டும். அப்பொழுதுதான் எதிர்வரிசையில் பட்டாசு வெடிக்கத் தொடங்கியது. போதாக்குறைக்கு முன்றிலின் தகரக்கூரைமேல் மழையும் பிடித்தது. அறுபத்து நான்கு வயதுச் செவிக்கு அந்த ஆரவாரத்தினூடே ஒரு சிறு மோட்டாரின் முனகல் எங்கே கேட்கும்? மூன்று முறை அழுத்தி, மூன்று முறையும் தலையை ஆட்டினார்.

துணைவியார் ஒன்றும் பேசாமல் வந்து, வலது உள்ளங்கையைக் கதவின் உட்புறத்தில் பதித்தார்.

“இப்போ அமுக்குங்க.”

அழுத்தினார்.

“ஒண்ணும் இல்லைங்க. கல்லு மாதிரி இருக்கு. இப்போ இறக்குற பக்கம் லேசா தட்டுங்க.” கண்ணாடி மேலும் ஒரு விரற்கடை இறங்கியது. “ஆங், இப்போ துடிச்சது. மறுபடி ஏத்துற பக்கம்.” சற்றுப் பொறுத்து, “இல்லை. துடிப்பே இல்லை. உசிரு வரவே இல்லை.”

இந்தக் கலை அவருக்கு எப்படி வாய்த்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். இரத்தச் சுத்திகரிப்புக்கென்று அவருடைய இடக்கையில் ஒரு நாடியையும் சிரையையும் அறுவை மூலம் இணைத்திருந்தார்கள். பிஸ்துலா என்பார்கள். நல்ல நிலையில் இருக்கும்போது அதன்மேல் விரல் வைத்தால், தேனீக்கூட்டைத் தொட்டாற்போல ஓர் அதிர்வு ஓடிக்கொண்டே இருக்கும். அது நின்றுபோனால் இரத்தம் உறைந்துவிட்டது என்று பொருள். உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். ஆகவே நாள்தோறும் தொட்டுப் பார்க்கும்படி தாதியர் கற்பித்திருந்தார்கள். அந்தக் கையால் சுமை தூக்கக் கூடாது. அதன்மேல் படுக்கக் கூடாது. அதில் இரத்த அழுத்தமும் பார்க்கக் கூடாது. மூன்று ஆண்டுகளாக ஒவ்வொரு காலையும், கண் விழித்து எவரோடும் பேசுமுன், அவர் வலக்கை விரல்களை இடக்கையில் வைத்துச் சற்று நேரம் இருப்பார். ஆசிரியர் அதை அன்றாடம் கண்டவர்தான். செய்தித்தாளைப் பிரிக்கும் ஓசையோடு அதுவும் ஒன்றாகப் போயிருந்தது.

பழுது சுவிட்சில் என்று முடிவாயிற்று. 10 மில்லிமீட்டர் ஸ்பேனரால் பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றினார். கதவின் கைதாங்கியில் பொத்தான்கள் பதிந்த பலகையைத் தட்டைத் திருப்புளியால் நெம்ப வேண்டும். நெகிழி கீறாமலிருக்கத் திருப்புளியின் முனையில் பழைய வேட்டித் துணியைச் சுற்றிக்கொண்டார். பலகை மேலே வந்தது. அடியில் கம்பிகளைச் சேர்க்கும் செருகியின் நாவை அமுக்கி இழுத்தார், அதுவும் வந்தது. உணவு மேசைமேல் செய்தித்தாளை விரித்து வைத்துத் திறந்திருக்கலாம். சோம்பலோ அவசரமோ, முன்றிலிலேயே முக்காலி போட்டு அமர்ந்தார். அதன் விலை உடனே கிடைத்தது. பொத்தானின் மூடியைக் கழற்றிய கணத்தில், உள்ளிருந்த சிறு சுருள்வில் ஒன்று துள்ளி இருளுக்குள் மறைந்தது.

அரிசி மணியினும் சற்றே பெரிய வில். அது இல்லாமல் சுவிட்சு இல்லை; கடைகள் திறக்கும் நாள் தெரியாது. ஆசிரியர் தரையில் மண்டியிட்டுக் கைவிளக்கை மேலிருந்து அடித்து அடித்துத் தேடினார். துணைவியார் விளக்கை வாங்கி, தரையோடு தரையாகச் சாய்த்து வைத்தார். வெளிச்சம் தரையை உராய்ந்து ஓடியது. கடுகளவு மணலுக்கும் ஒரு சாண் நிழல் விழுந்தது. காதுத் தோட்டின் திருகாணியைத் தேடிப் பழகிய பெண்களுக்கு இது புதிதன்று. துளசித் தொட்டியின் விளிம்பருகே வளைந்த நிழல் ஒன்று தெரிந்தது. “அதோ” என்றார்.

சுவிட்சின் உள்ளே இருப்பது எளிய அமைப்பு. சிறுவர் பூங்காவில் இரு பிள்ளைகள் எதிரெதிரே அமர்ந்து ஆடும் ஏற்றப்பலகையைப் போல, ஒரு கண்ணாடிக்கு இரண்டு சிறு செப்புத் தகடுகள் இருக்கின்றன. வில்லோடு கூடிய முளை ஒன்று ஒவ்வொன்றையும் அழுத்திக்கொண்டிருக்கிறது. பொத்தானைத் தொடாதபோது இரண்டும் எதிர்முனைப் பக்கமே சாய்ந்திருக்கும். ஏற்றும்போது ஒன்று மறுபக்கம் சாய்ந்து மின்சாரத்தைத் தொடும்; இறக்கும்போது மற்றொன்று. தொடும்போதும் விலகும்போதும் நுண்ணிய தீப்பொறி பறக்கிறது. அந்தப் பொறி ஆண்டுக்கணக்கில் செம்பைக் கருக்கிக் கருக்கி, இறுதியில் மின்சாரம் கடக்க முடியாத கரிப்படலமாக்கிவிடுகிறது. கண்ணாடியின் எடையைத் தூக்க மோட்டார் மிகுதியான மின்சாரத்தை வாங்குவதால், ஏற்றும் தகடே முதலில் கருகும். ரப்பர் இறுகி, கண்ணாடி திணறி ஏறுமானால் இன்னும் விரைவில் கருகும்.

இறக்கும் தகடு புதுக்காசு போல இருந்தது. ஏற்றும் தகட்டின் ஒரு முனை அடுப்புக்கரியாயிருந்தது.

அதை விளக்கருகே பிடித்துப் பார்த்தபோது ஆசிரியருக்குத் தீபாவளி நினைவு வந்தது. “கண்ணாடி முன்ன மாதிரி ஏறலைங்க, இழுத்துக்கிட்டு ஏறுது” என்று துணைவியார் அப்பொழுதே சொன்னார். “மழைக்காலத்தில் அப்படித்தான் இருக்கும்” என்பது அவருடைய விடை. அதற்கும் முன்னால், 2019இல், மாலையானால் கால் வீங்குகிறது என்று அவர் சொன்னதுண்டு. “நின்றுகொண்டே வேலை செய்தால் அப்படித்தான் இருக்கும்” என்று அதற்கும் விடை சொல்லப்பட்டது. நீரிழிவு ஏற்கனவே சிறுநீரகத்துக்குள் புகுந்துவிட்டது என்பது அடுத்த ஆண்டு இரத்தச் சோதனையில்தான் தெரிந்தது. முன்பே தெரிந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று மருத்துவரை அவர் கேட்கவில்லை. கேட்கத் துணியவில்லை என்பது இன்னும் பொருந்தும்.

மெல்லிய உப்புத்தாளைத் தீக்குச்சி அகலத்துக்கு வெட்டி, கரியை மட்டும் மெதுவாகத் தேய்த்தெடுத்தார். மிகையாகத் தேய்த்தால் மேற்பூச்சு போய்விடும். அப்புறம் முன்னிலும் விரைவாகக் கருகும். துடைக்க ஸ்பிரிட் வேண்டும் என்று எழுந்தபோது, சர்க்கரைச் சோதனைக்கு விரல் நுனியைத் துடைக்கும் பஞ்சுத்துண்டுகளில் இரண்டைத் துணைவியார் கிழித்து நீட்டினார். பஞ்சு கறுத்தது; செம்பு சிவந்தது.

காயும் வரை இருவருமாகக் கண்ணாடி ஓடும் ரப்பர்ச் சாலைக் கழுவினார்கள். ஆசிரியரின் கை தேங்காயெண்ணெய்ப் போத்தல் வரை சென்று, தொலைபேசியில் கேட்டது நினைவுக்கு வந்து திரும்பியது. பாத்திரம் கழுவும் சவர்க்காரத்தில் தோய்த்த துணியை மெல்லிய குச்சியில் சுற்றி உள்ளே செலுத்தியபோது, பதினாறு ஆண்டு மண் கருஞ்சேறாக வெளியே வந்தது. (பட்டறை திறந்த பிறகு அந்த ரப்பர்களைப் புதிதாக மாற்றிக்கொண்டார். சுவிட்சையும் மாற்றிவிடுவது நல்லது என்றார் பட்டறைக்காரர், மாற்றினார். அது கதையில் பின்னால் நடந்தது.)

முளையில் வில்லைப் பொருத்தி, தகடுகளை அமர்த்தி, மூடியை அழுத்தி, செருகியைச் செருகி, பேட்டரியை மீண்டும் இணைத்தபோது இரவு மணி பதினொன்று இருபது. சாவியைத் திருப்பினார். துணைவியார் கேட்காமலே கதவில் கையை வைத்தார். பொத்தானை அழுத்துமுன் ஆசிரியர் அவர் முகத்தைப் பார்த்தார்.

“வருதுங்க” என்றார் அவர், கண்ணாடி கண்ணுக்குத் தெரிய அசையுமுன்.

அது ஏறியது. தயங்கித் தயங்கித்தான், நடுவில் ஒருமுறை நிற்பது போலவும் போக்குக் காட்டியது. பின்னர் மேல்விளிம்பில் போய் முட்டி நின்றது. மீண்டும் இறக்கிப் பார்க்கலாமா என்ற ஆசை எழுந்தது. “வேணாம், விடுங்க. காலையில பார்க்கலாம்” என்றார் துணைவியார். அன்றிரவு அவர்கள் இட்ட ஒரே கட்டளை அதுதான், ஆசிரியர் கீழ்ப்படிந்தார்.

விடியற்காலை ஐந்து பத்துக்குக் காரில் ஏறி அமர்ந்ததும் அம்மையார் பதறிவிட்டார். “ஐயோ, மணி அஞ்சு அம்பதாச்சே!” காரின் கடிகாரம் அப்படித்தான் காட்டியது. பேட்டரியைக் கழற்றியதால் அது பன்னிரண்டிலிருந்து தன் காலத்தைப் புதிதாகத் தொடங்கியிருந்தது. ஆசிரியர் கைக்கடிகாரத்தைக் காட்டி அமைதிப்படுத்தினார். தெருவெங்கும் சிவந்த பட்டாசுத் தாள் நனைந்து ஒட்டிக் கிடந்தது. எதிர்வீட்டு வாயிலில் சிவப்பு விளக்குகள் இரண்டு எரிந்துகொண்டிருந்தன.

இருக்கையில் சாய்ந்த துணைவியார், அவசரத்தில் எழுந்ததால் வீட்டில் செய்ய மறந்ததை இப்பொழுது செய்தார். வலக்கை விரல்கள் இடக்கையில் போய் அமர்ந்தன. ஆசிரியர் காரைக் கிளப்பவில்லை.

“ஓடுதா?”

அவர் திரும்பிப் பார்த்தார். மூன்று ஆண்டுகளில் கேட்கப்படாத கேள்வி அது. சற்று நேரம் விடை சொல்லவில்லை. பிறகு, தாதியர் செய்வது போல, கணவரின் விரல்களைப் பற்றி அந்த இடத்தில் வைத்தார்.

“ஓடுதுங்க. நீங்களே பாருங்க.”

வெளியே மீண்டும் தூறத் தொடங்கியிருந்தது.